மூடி திறக்காத சிவப்புக் கலர்

லெஸ்டெர், கரியாகூ
11 பிப்ரவரி 1978

அன்புத் தம்பி நார்பெர்ட்,

உன் அக்கா யூலாலி எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். புரூக்ளின் பனியில் நீயும் மார்வாவும் குட்டிப் பெண்ணும் சளி பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது. இந்த வெயிலில் அதை யார் போடுவது? உன் மச்சான் ஹியூபெர்ட் அதைப் படகுப் பட்டறைக்கு எடுத்துப்போய் ரம்பத்துக்குப் போர்த்தி வைத்திருக்கிறார். கோபித்துக்கொள்ளாதே, ரம்பம் துரு பிடிக்காமல் இருக்கிறது.

இங்கே மழை என்ற பேச்சே இல்லை. தொட்டியில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் மிச்சம். ஆடுகளை அவிழ்த்துவிட்டாயிற்று, அவை ஊர் முழுக்க மேய்ந்துவிட்டு அடுத்த வீட்டுத் துணியையும் தின்றுவிட்டு வருகின்றன. கிரனடாவிலிருந்து இந்தத் தீவுக்குப் பனிக்கட்டிப் படகு வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. அது வருவதற்குள் கடைகளில் கலர் சோடா பாட்டில்கள் வெந்நீர் மாதிரி ஆகிவிடுகின்றன. இருந்தாலும் ஜனங்கள் குடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டதும் கையில் ஒரு ரொட்டியும் கலரும் இல்லாவிட்டால் இவர்களுக்கு ஆசீர்வாதம் இறங்காது போலிருக்கிறது.

கலர் என்றதும் ஞாபகம் வருகிறது. மார்வா கிறிஸ்துமஸுக்கு எழுதியிருந்தாள். கோயில் விருந்தில் யாரோ உன் கிளாசில் சிவப்புக் கலரை ஊற்றிக்கொடுத்தார்களாம், நீ முகம் வெளுத்து எழுந்து வெளியே போய்விட்டாயாம், பனியில் கோட்டு கூட இல்லாமல் நின்றாயாம். ரம்மைக் கண்டு ஓடியவர்களை எனக்குத் தெரியும். கலரைக் கண்டு ஓடிய முதல் கரியாகூக்காரன் நீதான். மார்வா பயந்துபோயிருக்கிறாள். என்னவென்று அவளிடமாவது சொல்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். அப்பா வந்தார்.

மூன்று முறை வந்துவிட்டார். மூன்று முறையும் மத்தியானத் தூக்கத்தில்தான். துணி துவைத்துவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தால் வந்துவிடுகிறார். அதே காக்கிக் கால்சட்டை, முழங்கால் வரை ஈரம். நம் சாப்பாட்டு மேசையில் உட்காருகிறார். எதிரே ஒரு சிவப்புக் கலர் பாட்டில் இருக்கிறது. தொடவில்லை. அதையே பார்க்கிறார். பிறகு என்னைப் பார்த்து, "என் பாட்டில யாரும்மா தொறந்தது?" என்று கேட்கிறார். கோபமாக இல்லை, செருப்பைக் காணோம் என்று கேட்கிற மாதிரிதான். நான் இல்லை அப்பா என்று சொல்வதற்குள் விழிப்பு வந்துவிடுகிறது.

கத்பெர்ட் சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் வலையைக் கீழே போட்டுவிட்டு, "ஏழு வருஷமா எங்கண்ணன் கல்லறையில ஒரு கல்லு இல்லாம கெடக்கான். தாகமெடுக்காம என்ன செய்யும்? பிள்ளைங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கீங்க" என்று பிடித்துக்கொண்டார். சொன்னதில் தப்பில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் படகுத்துறைக்கு அடியிலிருந்து அவர் உடலைத் தூக்கியெடுத்து ஏழு வருஷம் ஆகப்போகிறது. டிரினிடாட் வரைக்கும் பாய் விரித்துப் போய்வந்த கேப்டன், இடுப்பளவுத் தண்ணீரில். அந்த மண்மேட்டின்மேல் இன்னும் ஒரு சங்குதான் இருக்கிறது.

அதனால் ஏப்ரல் 29, சனிக்கிழமை, அவர் கல்லறையில் கல் நட்டுக் கல் விருந்து வைப்பது என்று முடிவு செய்துவிட்டோம். கல்லை உன் மச்சானே சிமென்ட்டில் வார்க்கிறார். எழுத்து வெட்ட ஹில்ஸ்பரோவிலிருந்து ஆள் வருகிறான். பெரிய மேளத்துக்குச் சொல்லியாயிற்று. இரண்டு ஆடும் ஒரு பன்றியும் நிற்கின்றன, அவிழ்த்துவிட்ட ஆடு அதற்குள் திரும்பி வந்தால். செத்துப்போன பெரியவர்களுக்கு வைக்கிற தட்டை அம்மாவின் மேசையில்தான் போடப்போகிறேன். உப்பில்லாத சோறு, உருட்டிய சோளக் களி, கோழி, மெழுகுவத்தி எல்லாம் வைத்துவிடலாம். குடிப்பதற்கு என்ன வைப்பது என்பதில்தான் சண்டை.

சித்தப்பா ரம்மும் தண்ணீரும்தான் என்கிறார். காலங்காலமாக அதுதானாம். நான் அப்பாவுக்குச் சிவப்புக் கலர்தான் வைக்க வேண்டும் என்றேன். "கல்லுக்குக் கலர ஊத்துனா எறும்புதான் வரும், ஆவி வராது" என்று சிரிக்கிறார். உனக்கு ஞாபகம் இருக்கும். மிஸ் அடினா கடையில் மற்ற ஆண்கள் இறந்தவர்களுக்கென்று முதல் சொட்டு ரம்மைத் தரையில் சிந்தும்போது அப்பா தன் கலரைச் சிந்துவார். அவர் நிற்கிற இடத்தில் மட்டும் எறும்பு வரிசை கட்டும். "கலர் கேப்டன் வந்துட்டாருடா, மாலுமிங்கள்லாம் வரிசையா நிக்கிறாங்க பாரு" என்று கேலி செய்வார்கள். முதல் வருஷம் அது கேலி. பிறகு வருஷம் போகப்போக அவர் உள்ளே வந்தால் பெஞ்சில் இடம் விட்டார்கள். மற்றவர்களுக்கெல்லாம் கயிற்றில் தொங்குகிற ஓப்பனரால் கவுண்டர்மேலேயே மூடியைத் தட்டிவிடுகிற மிஸ் அடினா, கடைசியில் அப்பாவுக்கு மட்டும் உள்ளேயே திறந்து துடைத்துக் கொண்டுவந்து வைப்பாள். ரம் கடையில் நின்று ரம்மைத் தொடாத மனுஷனுக்குக் கிடைத்த மரியாதை அது.

அம்மாவுக்கு வயிறு வெடிக்கிற வலி வந்த அன்று அப்பா குடித்துவிட்டு அதே கடைத் தரையில் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தார். படகு இருந்தது, காற்று இருந்தது, ஓட்ட ஆள் இல்லை. விடிந்து வேறொரு கேப்டன் கிரனடா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது நடுக்கடலில் அம்மா போய்விட்டாள். உனக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினாலு. அவளைப் புதைத்த குழியின் விளிம்பில் நின்று இனி தொடமாட்டேன் என்று சொன்னவர் அவர். அப்படிப்பட்டவரின் கல்மேல் ரம்மை ஊற்ற எனக்கு மனம் வரவில்லை.

கல்லை முதலில் நனைக்க வேண்டியவன் மகன். அடக்கத்துக்கு நீ வரவில்லை, அப்போது கப்பல் கிடைக்கவில்லை என்றாய், நானும் கேட்டுக்கொண்டேன். இதற்கு வந்துவிடு. இன்னும் பதினொரு வாரம் இருக்கிறது. உன் பழைய கட்டிலில் கோழி அடை காக்கிறது, அதைக் கிளப்பிவிட்டு விரித்து வைக்கிறேன்.

கடவுள் உன் வழியைக் காக்கட்டும்.

அன்புடன்,
அக்கா யூலாலி


19 மார்ச் 1978

நார்பெர்ட்,

உன் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன், உன் மச்சானுக்குக் கூடக் காட்டவில்லை. ரொட்டிக்கு மாவு எடுக்கும்போதெல்லாம் கை அதில் படுகிறது.

நீ எழுதியதை நானே என் கையால் ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். அப்படியாவது நம்ப முடிகிறதா என்று பார்க்கலாம். 1969 ஆகஸ்ட் படகுப் போட்டி அன்று கடற்கரையில் மிஸ் அடினா போட்டிருந்த ஓலைக் கொட்டகைக்குப் பின்னால் அப்பாவின் சிவப்புக் கலர் திறந்து தயாராக இருந்தது. நீயும் உன் கூட்டாளி கிளென்ராயும் அதில் கால் பாட்டிலை மணலில் கொட்டிவிட்டு, பனிக்கட்டி போட்டால் மூழ்கிப்போகுமே அந்த ஜாக் அயர்ன் ரம், அதை ஊற்றி நிரப்பினீர்கள். கலர் கேப்டன் ஆடுவதைப் பார்க்க வேண்டும் என்று. அப்பா பாதி குடித்தார். நிறுத்தினார். கூட்டத்தில் உன் முகத்தைத் தேடிப் பார்த்தார். பிறகு கண்ணை எடுக்காமல் மீதியையும் குடித்தார். அன்று சாயங்காலம் எல்லோர் எதிரிலும் கவுண்டரில் கையை ஊன்றி ரம் கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நிறுத்தவே இல்லை.

"அவரைக் கொன்ற கை இது. இந்தக் கை அவர் கல்லைத் தொடக்கூடாது. கனவில் அவர் என்னைத்தான் கேட்கிறார்." இது நீ எழுதியது.

எனக்கு வருகிற கோபத்துக்கு இந்தக் காகிதம் போதாது. விளையாட்டா அது? ஒன்பது வருஷம் ஒரு மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிய சுவரை ஒரு கால் பாட்டில் ரம்மால் இடித்துவிட்டு, நவம்பரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். குடித்து விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்தது யார்? வாந்தி அள்ளியது யார்? கடைசியில் படகுத்துறையிலிருந்து பலகையில் வைத்துக் கொண்டுவந்தபோது ஈரச் சட்டையைக் கழற்றியது யார்? நீ அங்கே கம்பளி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

இன்னொன்று சொல்கிறேன், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் போட்டி அன்று காலையில் நானும் அப்பாவும் சண்டை போட்டோம். ஹியூபெர்ட்டைக் கட்டிக்கொள்வேன் என்றேன். குடிக்கிற குடும்பம், வேண்டாம் என்றார். நான் அவர் முகத்துக்கு நேராக, "குடியப் பத்தி நீங்க பேசாதீங்க. அம்மாவக் கொன்னதே உங்க குடிதான்" என்று சொன்னேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அன்று மாலையே குடித்தார். என் வாய்தான் அவரைக் குடிக்க வைத்தது என்று ஒன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணத்தன்று நினைத்தேன். ஒவ்வொரு பிள்ளையைப் பெறும்போதும் நினைத்தேன். நீ ஒரு வரி எழுதியிருந்தால் போதும், நான் அந்தச் சுமையைக் கீழே வைத்திருப்பேன். நீயும் உன் வாயை மூடிக்கொண்டு இருந்தாய்.

இன்று இதற்கு மேல் முடியவில்லை. வா என்றும் சொல்லமாட்டேன், வராதே என்றும் சொல்லமாட்டேன். நாளைக்கு மிஸ் அடினாவைப் போய்ப் பார்க்கப்போகிறேன். திறந்த பாட்டிலை வாலிபப் பயல்கள் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்தவள் அவள். அவளையும் நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

மார்வாவுக்கும் குழந்தைக்கும் என் முத்தங்கள்.

யூலாலி


6 ஏப்ரல் 1978

என் அருமைத் தம்பி நார்பெர்ட்,

உனக்கு என் ஆசிகள். போன கடிதத்தில் எழுதியதைத் திரும்பப் பெறவில்லை, அதெல்லாம் எழுதத்தான் வேண்டியிருந்தது. ஆனால் இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. மார்வாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

மிஸ் அடினாவுக்கு இப்போது காலில் நீர். கடையை மகள் பார்க்கிறாள். பின்வாசலில் துவரை உரித்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றபடியே நீ எழுதியதைச் சொன்னேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன், கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "பாட்டில் தொறந்து இருந்துச்சுன்னு சொன்னானா உன் தம்பி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அது ஏன் தொறந்து இருந்துச்சுன்னு உங்க ரெண்டு பேருக்கும் ஒருநாளும் தோணலியா?" என்றாள்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"உக்காரு யூலாலி. நின்னுகிட்டே கேக்குற சமாச்சாரம் இல்ல இது. உங்கப்பன் பாட்டில ரம்மு ஊத்துனது நாந்தான். உன் தம்பிக்கு முன்னாடியே. ஒரு தரம் ரெண்டு தரம் இல்ல. அந்த ஈவ்லின் உடைஞ்சதுலேருந்து, எட்டு மாசம், தெனமும்."

நார்பெர்ட், அம்மாவின் பெயர் வைத்த அந்தப் படகு 1968 நவம்பரில் பாறையில் ஏறி உடைந்ததே, அப்பா மூன்று நாள் கரையில் உட்கார்ந்து பலகைகள் ஒதுங்குவதைப் பொறுக்கிக்கொண்டிருந்தாரே. நான்காம் நாள் கடைக்குப் போனாராம். வேறு யாரும் இல்லை. "அடினா, அவள ரெண்டாந்தரமும் கொன்னுட்டேன்" என்றாராம். ரம் வேண்டும், ஆனால் யாரும் பார்க்கக்கூடாது, பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது என்றாராம். அவள் மாட்டேன் என்றாள். அவர் கவுண்டரில் தலையை வைத்து அழுதாராம். நம் அப்பா அழுது நீ பார்த்திருக்கிறாயா? நான் அம்மா போன அன்று கூடப் பார்க்கவில்லை.

"நான் என்ன செய்ய? ஒரு மூடி ஊத்தினேன். அடுத்த நாளு ரெண்டு மூடி. செவப்புக் கலர்ல ரம்மு தெரியாது, வாசன கூட அந்தச் சக்கரையில அமுங்கிடும். வேற எந்தக் கலர்லயும் அது நடக்காது. அதான் உள்ளயே தொறந்து, ஊத்தி, தொடச்சுக் கொண்டுவந்து வெப்பேன். ஊரே மரியாதைன்னு நெனச்சுது." அவள் சொல்லிவிட்டு ஒரு காயை எடுத்து உரித்தாள். உள்ளே பூச்சி இருந்தது, தூர எறிந்தாள்.

நான் உனக்கு முதல் கடிதத்தில் எழுதினேனே, மரியாதை என்று. அதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே சிரித்தேன். பிறகு அவள் மடியில் முகத்தை வைத்து அழுதேன், துவரைக் காய் எல்லாம் கொட்டிப்போயிற்று.

படகுப் போட்டி அன்றும் அந்தப் பாட்டிலில் அவள் ஊற்றிய ரம் ஏற்கெனவே இருந்தது. அதன்மேல்தான் நீ ஊற்றினாய். அதனால்தான் அன்று அவருக்குக் கால் தள்ளாடியது. மறுநாள் அவர் அவளிடம் போய், "நேத்து ஒங்கையி ரொம்பத் தாராளம் அடினா, என்ன நாறடிச்சுட்டியே" என்றாராம். அவளுக்குப் புரியவில்லை, வேறெங்கோ குடித்துவிட்டு தன்மேல் பழி போடுகிறார் என்று நினைத்து ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. நீ செய்தது அவருக்குத் தெரியவே தெரியாது. சாகிற வரைக்கும் தெரியாது.

பிறகு ஏன் உன்னைப் பார்த்தார் என்று கேட்பாய். நானும் அதைத்தான் கேட்டேன். அவர் வாயால் சொன்னதை அடினா அப்படியே சொன்னாள், நானும் அப்படியே எழுதுகிறேன்: "என் பையன் என்னப் பாத்துகிட்டு நின்னான் அடினா. அந்தப் பார்வயிலயே தெரிஞ்சுபோச்சு, அவன் கண்டுபிடிச்சுட்டான். இனிமே ஒளிச்சுக் குடிச்சு என்ன ஆகப்போகுது?"

தம்பி, நீ அவர் முகத்தைப் பார்த்து, என்னைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நடுங்கினாய். அவர் உன் முகத்தைப் பார்த்து அதையே நினைத்தார். ஒரே பாட்டிலுக்காக இரண்டு பேரும் ஒருவர் முன்னால் ஒருவர் குற்றவாளியாக நின்றிருக்கிறீர்கள். யாராவது ஒருவர் வாயைத் திறந்து, என்ன இது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நம் குவாஷி குடும்பத்து ஆண்களுக்கு வாய் இருப்பது குடிப்பதற்கு மட்டும்தான் போலிருக்கிறது.

நீ கிளம்பிய நாளைப் பற்றியும் சொன்னாள். நீ வந்து விடைபெற்றபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், நீ வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாய். சபிக்கிறார் என்று நினைத்திருப்பாய். நீ படகுத்துறைக்குப் போன பிறகு அவர் எழுந்து கடைக்குப் போயிருக்கிறார். "எந்த மூஞ்சிய வச்சுகிட்டு அங்க போயி நிப்பேன்? அவனுக்கு எல்லாம் தெரியும்" என்றாராம். கடைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அதன்மேல் ஏறி நின்று உன் படகு முனையைத் தாண்டி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாராம். பாய் மறைந்த பிறகும் இறங்கவில்லையாம். அடினா போய்க் கையைப் பிடித்து இறக்கியிருக்கிறாள். அன்று அவர் குடிக்கவில்லை. அந்த இரண்டு வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் குடிக்கவில்லை.

இதையெல்லாம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். "செத்தவன் கேட்டுகிட்டது ஒண்ணே ஒண்ணு, பிள்ளைங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு. நானும் வாய மூடிகிட்டேன். நான் ஊத்துன மொத மூடிதான் அவனத் தண்ணியில தள்ளுச்சுன்னு தெனமும் செபமாலய உருட்டிகிட்டுக் கெடக்கேன். நீங்க ரெண்டு பேரும் அதே மூட்டயத் தூக்கிகிட்டுத் திரியிறீங்கன்னு எனக்கென்ன தெரியும்?" என்றாள்.

உன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று நான் எழுதமாட்டேன். நீ செய்தது கேடுகெட்ட விளையாட்டு. ஊர் எதிரே அவர் மானம் போனதில் உனக்குப் பங்கு இருக்கிறது. என் வாய்க்கும் பங்கு இருக்கிறது, அடினாவின் மூடிக்கும் இருக்கிறது. எல்லாவற்றையும்விட அவர் கைக்கே பங்கு அதிகம். ஆனால் நீ அவரைக் கொல்லவில்லை. இதை நான் கோபமில்லாமல், நல்ல நினைவோடு எழுதுகிறேன்.

நான் இன்னொன்றும் யோசித்துப் பார்த்தேன். கடைசி எட்டு மாதம் பாட்டிலில் இருந்தது பொய்தான். அதற்கு முந்தைய ஒன்பது வருஷம் பொய் இல்லையே. ஒன்பது வருஷம் அந்தக் கடையில் ரம் வாசனைக்கு நடுவே நின்று, கேலியைக் கேட்டுக்கொண்டு, வெந்நீர் மாதிரிக் கிடந்த கலரைக் குடித்து நம் இரண்டு பேரையும் வளர்த்தார். அது நடந்தது. எறும்புகள் சாட்சி.

இப்போது விருந்துச் செய்தி. கல் வார்த்து முடிந்தது. எழுத்து நன்றாக வந்திருக்கிறது: தியோஃபிலஸ் குவாஷி, கேப்டன். விருந்துக்கு முதல் நாள்தான் கல்லை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும், ஆனால் நான் இப்போதே வெள்ளை விரிப்பில் சுற்றி அவர் கட்டிலில் படுக்க வைத்துவிட்டேன். சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "சரி, ரம்ம நான் ஊத்திக்கிறேன். அவன் புள்ள எத ஊத்தணுமோ அத அவன் ஊத்தட்டும்" என்றார். அவ்வளவு தூரம் அவர் இறங்கி வந்ததே பெரிய விஷயம்.

அடினா நடக்க முடியாத காலோடு நேற்று நம் வீட்டுக்கு வந்தாள். மகள் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். பையிலிருந்து ஒரு சிவப்புக் கலர் பாட்டிலை எடுத்து, பெரியவர்களுக்குத் தட்டு வைக்கப்போகிற அந்த மேசையில் வைத்தாள். மூடி இறுகி இருக்கிறது, பளபளவென்று. ஓப்பனரையும் பக்கத்தில் வைத்தாள், கயிறு அறுத்த பழைய ஓப்பனர்தான். "இத நானும் தொறக்க மாட்டேன், நீயும் தொறக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வருகிறார்கள், தொட்டால் கையை முறித்துவிடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பா இன்னும் வருகிறார். நேற்று மத்தியானமும் வந்தார். அதே இடத்தில் உட்கார்ந்து அதையே கேட்டார். இந்த முறை எனக்குப் பயமில்லை. கொஞ்சம் பொறுங்கள் அப்பா, ஆள் வந்துகொண்டிருக்கிறது என்றேன். அவர் தலையை ஆட்டின மாதிரி இருந்தது. என் ஆசைக்குத் தோன்றியதாகவும் இருக்கலாம்.

நீ வராவிட்டாலும் அந்தச் சனிக்கிழமை கல்லைத் தூக்கிக்கொண்டு போவோம். மேளம் அடிக்கும், ஆடு வேகும், ஊர் சாப்பிடும். ஆனால் அந்தப் பாட்டில் மூடியோடு மேசையிலேயே இருக்கும், நான் இருக்கிற வரைக்கும் இருக்கும். வேறு யாரும் திறக்க விடமாட்டேன்.

வந்துவிடு என் கண்ணே. வழியில் கடலும் காற்றும் உனக்கு இரங்கட்டும். நம் அம்மா உன் தலைமேல் கை வைத்துக் கூட்டி வரட்டும். வந்து அந்தக் கல்லின் பக்கத்தில் நில். எல்லோர் எதிரிலும் உன் கையாலேயே மூடியைத் தட்டு. அப்பா கேட்பார். நான்தான் திறந்தேன் அப்பா என்று சொல்லிவிட்டு, ஒரு சொட்டு விடாமல் அவருக்கு ஊற்று.

என்றும் உன்னைத் தூக்கி வளர்த்த
அக்கா யூலாலி